தரங்கம்பாடி ரயிலை மேசைமேல் ஓட்டலாம்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், சாவகாசமாகப் பேச வேண்டிய விஷயம் இது. குட்டி ரயில் என்றால் நம்மில் பலருக்குத் திருவிழாக் கடைச் சாவி ரயில்தான் ஞாபகத்துக்கு வரும். வட்டத் தண்டவாளத்தில் நாலு சுற்று சுற்றிவிட்டு நின்றுவிடும். அது பொம்மை. மாதிரி ரயில் வேறு ரகம். எந்த ஊர், எந்த லைன், எந்த வருஷம் என்று யார் கேட்டாலும் கட்டியவரிடம் பதில் இருக்கும். இன்ஜின், பெட்டி, ஸ்டேஷன், மரம், மனிதர் எல்லாம் ஒரே விகிதத்தில் சுருங்கியிருக்கும்.

நம் தஞ்சாவூர்ப் பக்கத்து மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலப் பாதை) ரயில்களை இப்படிக் கட்டி ஓட்ட முடியுமா? முடியும். மற்றப் பல ரயில்களைவிட இவை இந்த வேலைக்குத் தோதானவை என்பதே என் கட்சி. கணக்கோடு சொல்கிறேன்.

முதலில் விகிதம். உலகத்தில் அதிகம் புழங்குவது 1:87. நிஜத்தில் ஓர் அடி என்றால் மாதிரியில் மூன்றரை மில்லிமீட்டர். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 1:76 என்று வைத்துக்கொண்டார்கள். ஓர் அடிக்கு நாலு மில்லிமீட்டர். வேடிக்கை என்னவென்றால் இரண்டும் ஒரே 16.5 மி.மீ. தண்டவாளத்தில்தான் ஓடுகின்றன. பிரிட்டிஷ் இன்ஜின்கள் உருவத்தில் சிறியவை. அந்தக் காலத்து மோட்டார் அவற்றின் வயிற்றுக்குள் அடங்கவில்லை. அதனால் உடம்பை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டு, பாதையை இருந்தபடியே விட்டுவிட்டார்கள்.

இதில் மாட்டிக்கொண்டவர்கள் அயர்லாந்துக்காரர்கள். அவர்கள் நாட்டில் ரயில் வந்த புதிதில் ஆளுக்கொரு அகலம். 1834-இல் வந்த டப்ளின்–கிங்ஸ்டவுன் பாதை 4 அடி 8½ அங்குலம். அல்ஸ்டர் ரயில்வே 6 அடி 2 அங்குலம். டப்ளின்–ட்ராகெடா 5 அடி 2 அங்குலம். இந்தச் சண்டையைத் தீர்க்க அரசாங்கம் யாருடைய அளவையும் எடுக்காமல் 5 அடி 3 அங்குலம் என்று புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, 1846-இல் சட்டமாக்கியது. இன்றைக்கும் அயர்லாந்தின் பெரிய பாதை அதுதான். 1:76 விகிதத்தில் அது சரியாக 21 மி.மீ. வர வேண்டும். கடையில் கிடைப்பதோ 16.5. அந்தப் பாதையில் ஐரிஷ் ரயிலை வைத்தால், நிஜக் கணக்கில் ஓர் அடிக்கும் மேலே குறுகிப்போகும். பலர் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே ஓட்டுகிறார்கள். மனசு கேட்காதவர்கள் கட்டை கட்டையாக அடுக்கி 21 மி.மீ. பாதையைத் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள்.

நம் பிராட் கேஜுக்கும் இதே கதிதான். 5 அடி 6 அங்குலம், அதாவது 1,676 மி.மீ.; 1:87-இல் 19 மி.மீ.க்குக் கொஞ்சம் கூட. கடைத் தண்டவாளம் இங்கேயும் போதாது.

இப்போது மீட்டர் கேஜைப் பாருங்கள். ஆயிரம் மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை. கடையில் 12 மி.மீ. தண்டவாளம் கிடைக்கிறது. சுவிட்சர்லாந்தின் மலை ரயில்களும் மீட்டர் கேஜ்தான். அவற்றின் மாதிரிகளுக்காகவே அதைத் தயாரிக்கிறார்கள். வித்தியாசம் அரை மில்லிமீட்டர், யார் கண்ணுக்கும் தெரியாது. அயர்லாந்தில் டொனிகால், டிங்கிள், மேற்கு கிளேர் என்று 3 அடி அகலத்தில் சின்ன ரயில்கள் ஓடின. 1:76-இல் மூன்று அடி என்பது மிகச் சரியாக 12 மி.மீ. டிங்கிள் ரயில் 1953-இல் நின்றது, டொனிகாலில் 1959 கடைசியோடு பயணிகள் ரயில் நின்றது, மேற்கு கிளேர் 1961-இல் முடிந்தது. அந்தச் செத்துப்போன ரயில்களை அங்கே மேசைமேல் ஓட்டுகிற அதே 12 மி.மீ. பாதையில், நம் மாயவரத்து (இன்றைய மயிலாடுதுறை) ரயிலையும் ஓட்டலாம்.

அகலம் முடிந்தது. அடுத்தது, எந்த ரயிலைக் கட்டுவது?

நம் காவிரி டெல்டாவின் ரயில் கதை கொஞ்சம் சுற்றுவழி. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கும், 1862-இல் திருச்சிக்கும் ரயில் விட்டது. அது பிராட் கேஜ்! 1870-களின் நடுவில் அதைப் பிடுங்கி மீட்டர் கேஜாக்கினார்கள். நூறு வருஷத்துக்கும் மேலாக அப்படி ஓடியது. 1992-இல் நாடு முழுக்க ஒரே அகலம் என்று முடிவானதும் மறுபடி பிராட் கேஜுக்கு மாற்றத் தொடங்கினார்கள். மயிலாடுதுறை–விழுப்புரம் 2010-இல் மாறித் திறந்தது. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யத்தைத் தாண்டி அகஸ்தியம்பள்ளி வரை போகிற உப்புப் பாதை 2023-இல்தான் திறந்தது.

இதற்கு நடுவே தஞ்சாவூர் ஜில்லா போர்டு செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். நிலத்தீர்வையோடு சேர்த்து ஒரு செஸ் வசூலித்து, அந்தப் பணத்தில் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்குச் சொந்தமாக ரயில் பாதை போட்டார்கள், 1894-இல் திறந்தது. நெல் விளைவித்தவர்களின் காசில் வந்த ரயில் அது. பிறகு 1926-இல் மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு கிளைப்பாதை வந்தது. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் வழியாக, முப்பது கிலோமீட்டர். 1980-களின் நடுவில் அது மூடப்பட்டது. பிறகு ரயிலே வரவில்லை.

மாதிரி கட்டுகிறவருக்கு இந்தத் தரங்கம்பாடி பாதைதான் என் சிபாரிசு. காரணம், அது சின்னது, ஒரு முனை கடலில் முடிகிறது, ரயில்கள் குட்டையானவை. மெயின் லைனை எடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? மீட்டர் கேஜ் பெட்டி ஒன்று ஏறக்குறைய பத்தொன்பதரை மீட்டர். 1:87-இல் இருபத்திரண்டு சென்டிமீட்டர். பன்னிரண்டு பெட்டியோடு சோழன் எக்ஸ்பிரஸை நிறுத்த, பிளாட்பாரம் மட்டும் மூன்று மீட்டர் வேண்டும். கூடத்தில் பாதி போய்விடும். கிளைப்பாதையில் மூன்று பெட்டியும் ஓர் இன்ஜினும் போதும்.

அதற்காக முப்பது கிலோமீட்டரையும் கட்ட முடியாது. 1:87-இல்கூட அது 340 மீட்டருக்கு மேல். ஒரே ஒரு ஸ்டேஷனைக் கட்ட வேண்டும், மீதியை மறைக்க வேண்டும். நாடக மேடையில் பக்கத் திரைக்குப் பின்னால் ராஜா வேஷக்காரர் காத்திருக்கிற மாதிரி, மரக்கூட்டத்துக்கோ சாலைப் பாலத்துக்கோ பின்னால் நாலு தடங்கள் மறைவாக இருக்கும். மாயவரம் என்பது அந்த நாலு தடம்தான். அங்கேயிருந்து ரயில் வரும், அங்கேயே போகும். பார்க்கிறவர் கண்ணுக்குத் தரங்கம்பாடி மட்டும் தெரியும். 240 சென்டிமீட்டர் நீளம், 45 சென்டிமீட்டர் அகலம் உள்ள பலகை இதற்குத் தாராளம். 120, 120 என்று இரண்டாகச் செய்து போல்ட் போட்டு இணைத்தால் தூக்கிவைக்கவும் வசதி.

இனி வருஷமும் மாசமும். வருஷத்தை நிர்ணயித்தால் இன்ஜினும் பெட்டி நிறமும் தானாக முடிவாகிவிடும். மறைவுத் தடத்துக்குப் பதிலாக ஜங்ஷனையே கட்டினாலும், 1982-க்கு முந்திய வருஷமானால் மஞ்சள் பெயர்ப்பலகையில் மயிலாடுதுறை என்று எழுதக் கூடாது. அப்போது அது மாயூரம். ஆனால் டெல்டாவில் வருஷத்தைவிட முக்கியம் மாசம். மலைநாட்டு மாதிரியில் எந்த மாசமும் பச்சை அடித்துவிடலாம். இங்கே ஆனியில் குறுவை நாற்றங்கால், அங்கங்கே இளம்பச்சைத் துண்டுகள். ஆடியில் புதுவெள்ளம், வாய்க்கால் தண்ணீர் செம்மண் நிறம். ஐப்பசியில் வயலெல்லாம் வானம் தெரியும் தண்ணீர். தை பிறந்தால் சம்பா முற்றிப் பொன்னிறம், வரப்பில் கதிர்க்கட்டு. இதில் ஒன்றைத்தான் கட்ட முடியும். ஒரு பக்கம் நாற்று, மறு பக்கம் அறுவடை என்று வைத்தால் நம் ஊர்க்காரர் ஒருவர் போதும், சிரித்துவிடுவார்.

வயல் அளவில் ஓர் அருமையான பொருத்தம் இருக்கிறது. நம் ஊரில் இன்னும் நிலத்தை மா கணக்கில்தான் பேசுகிறோம். ஒரு மா என்பது நூறு குழி, 14,400 சதுர அடி. சதுரமாக வைத்தால் ஒரு பக்கம் 120 அடி. அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர் என்றால் சரியாக 42 சென்டிமீட்டர். ஆக, உங்கள் பலகையின் முழு அகலத்துக்கும் ஒரு மா நிலம்தான் கொள்ளும். மூன்றடிப் பயிர் ஒரு சென்டிமீட்டர் உயரம். தேங்காய் நாரை அந்த நீளத்துக்கு வெட்டி, சாயம் ஏற்றி, இரண்டு மில்லிமீட்டருக்கு ஒரு குத்து என்று பசையில் நட வேண்டும். நடவு ஆள் கூலி என்ன என்பது அப்போது புரியும்.

புதிதாகச் செய்கிறவர்கள் தண்டவாளத்தைப் பலகைமேல் அப்படியே ஒட்டிவிடுவார்கள். டெல்டாவில் அப்படி ஒரு ரயில் பாதையே கிடையாது. வெள்ளத்துக்குத் தப்ப, கரை எழுப்பி அதன்மேல்தான் ஜல்லி கொட்டி சிலீப்பர் கட்டை போட்டார்கள். கரைக்கு மண் எடுத்த பள்ளங்கள் இருபுறமும் குட்டையாக நிற்கும். ஆறடிக் கரை என்றால் மாதிரியில் இரண்டு சென்டிமீட்டர். சுலபமான வழி, முழுப் பலகைமேலும் தெர்மாகோல் ஒட்டி, பாதைக்கு மட்டும் உயரத்தை விட்டுவிட்டு வயல் பக்கத்தைச் சீவி இறக்குவது. ஏற்ற இறக்கம் கிடையாது. அது நமக்கு லாபம். பதிலுக்கு ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு சின்னப் பாலம் கட்டியாக வேண்டும்.

ஸ்டேஷன் கட்டடத்துக்கு வெளிநாட்டுப் பெட்டியை எதிர்பார்க்க வேண்டாம். தஞ்சாவூரிலேயே நெட்டி வேலை இருக்கிறது. நீரில் வளரும் நெட்டிச் செடியின் வெண்தண்டைக் கத்தியால் சீவிப் பெரிய கோயிலையே செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பவர்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். 2020-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சுண்ணாம்பு பூசிய சுவருக்கு நெட்டியைவிட நல்ல பொருள் எது? இன்ஜினின் புகைபோக்கி, மணி, விளக்கு மாதிரியான சின்னப் பித்தளைப் பாகங்களை உலகமெங்கும் மெழுகு வார்ப்பில்தான் செய்கிறார்கள். மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகம் ஊற்றுவது. சுவாமிமலை ஸ்தபதிகள் சாமி செய்வதும் அதே முறையில்தான். கை வேலையில் நாம் யாருக்கும் இளைத்தவர்களில்லை.

மின்சாரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒரு தண்டவாளம் பிளஸ், மற்றது மைனஸ். சக்கரம் வழியாக இன்ஜின் மோட்டாருக்கு 12 வோல்ட் போகிறது. வோல்ட்டைக் கூட்டினால் வேகம், பிளஸ்–மைனஸை மாற்றினால் பின்னோக்கி. இதுதான் பழைய முறை. புதிய டிஜிட்டல் முறையில் பாதையில் எப்போதும் மின்சாரம் இருக்கும். ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் ஒரு சில்லு, அதற்கென்று ஓர் எண். அந்த எண்ணைக் கூப்பிட்டால் அது மட்டும் நகரும். ஓர் இன்ஜின் உள்ள கிளைப்பாதைக்குப் பழைய முறையே போதும். பாதையை வளைத்துக் கொண்டுவந்து அதன்மேலேயே சேர்த்தால் பிளஸ் போய் மைனஸில் முட்டி ஷார்ட் ஆகும். முதலில் அந்த ஆசையை விடுங்கள். நம் ஊருக்கென்று இரண்டு எதிரிகள் உண்டு. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பிளைவுட் உப்பும். வெட்டிய விளிம்புக்கெல்லாம் வார்னிஷ் அடித்து மூட வேண்டும். சித்திரை வெயிலில் தண்டவாளம் நீளும். இணைப்புகளில் மெல்லிய இடைவெளி விட வேண்டும். இவை போக, தூசு படிந்தால் இன்ஜின் நின்றுவிடும். ஓட்டுவதற்கு முன் ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒரு முறை துடைப்பது பழக்கமாக வேண்டும்.

இன்ஜின் என்றால் எல்லாருக்கும் ஒய்.பி. என்ற மீட்டர் கேஜ் நீராவி இன்ஜின் நினைவு வரும். அமெரிக்காவின் பால்ட்வின் தொழிற்சாலையில் தொடங்கி, ஜாம்ஷெட்பூர் டெல்கோ வரை மொத்தம் 871 கட்டினார்கள். அதன் பெரிய சக்கரம் நாலரை அடி. மாதிரியில் பதினாறு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சக்கரம் தெரிந்துவிட்டால் மீதி அளவெல்லாம் அதிலிருந்து வரும். முழு இன்ஜினையும் தகட்டில் வெட்டுவது பெரிய வேலை. வெளிநாட்டு 12 மி.மீ. மாடல் ஒன்றின் அடிச்சட்டத்தையும் மோட்டாரையும் வைத்துக்கொண்டு, மேல் உடம்பைக் கம்ப்யூட்டரில் வரைந்து முப்பரிமாண அச்சில் எடுப்பது இன்று பலர் போகும் வழி.

கட்டியாயிற்று, ஓட்டுவோம். எல்லாரும் செய்கிற முதல் காரியம் விரட்டுவது. கிளைப்பாதை ரயில் மணிக்கு 30 கிலோமீட்டர் என்று வையுங்கள். மாதிரியில் அது நொடிக்குப் பத்து சென்டிமீட்டர்கூட இல்லை. உங்கள் பலகையைக் கடக்க 25 விநாடி ஆக வேண்டும். கையை அடக்குங்கள்.

பிறகு டைம்டேபிள். ஒற்றைப் பாதையில் டோக்கன் கையில் இல்லாமல் டிரைவர் நகரக் கூடாது. இரும்புப் பந்து, தோல்பை, அதைக் கோத்த பிரம்பு வளையம், ஓடும் இன்ஜினிலிருந்து கையை நீட்டி அதை மாட்டிக்கொள்வது எல்லாம் நம்மில் பலர் பார்த்தது. மேசையிலும் அந்த விதி வேண்டும். ஒருவர் மாயவரம் ஸ்டேஷன் மாஸ்டர், இன்னொருவர் தரங்கம்பாடி. மாயவரத்துக்காரர் டோக்கன் கொடுத்து, தரங்கம்பாடிக்காரர் கைகாட்டியை இறக்கினால்தான் ரயில் வரும். கடிகாரத்தை ஆறு மடங்கு வேகமாக வைத்தால் நாலு மணி நேர வேலை நாற்பது நிமிஷத்தில் நடக்கும்.

ரயில் வந்து நின்றதும்தான் சுவாரசியம். மூன்று பெட்டி, கடைசியில் ஒரு சரக்கு வேகன். இன்ஜின் முன்னால் மாட்டிக்கொண்டிருக்கிறது, அதற்கு அப்பால் பாதை இல்லை. கழற்ற வேண்டும், தண்டவாளத்துக்கடியில் பதித்த காந்தம் கொக்கியை விடுவிக்கும். பாயிண்ட் மாற்றி, லூப் லைன் வழியாகச் சுற்றிப் பின்பக்கம் வந்து, வேகனை மட்டும் பிடித்து குட்ஸ் ஷெட்டில் தள்ள வேண்டும். அங்கே நெல் மூட்டை ஏற்றிய வேகன் காத்திருக்கிறது. அதை எடுத்துக் கோக்க வேண்டும். திரும்பும் நேரம் 4.10. இதை ஒரு முட்டலும் இல்லாமல் முடித்துப் பாருங்கள், பாயிண்ட்ஸ்மேன் சம்பளம் ஏன் போதாது என்று தெரியும்.

இதெல்லாம் வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று சிலர் சொல்வார்கள். அயர்லாந்தில் டப்ளினின் இன்ச்சிகோர் ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர் சிரில் ஃப்ரை. பட்டறை வரைபடங்களைப் பார்த்துத் தன் வீட்டில் ஐரிஷ் ரயில்களை ஒவ்வொன்றாகக் கட்டினார். அவர் காலத்துக்குப் பிறகு அந்தத் தொகுப்பு மாலஹைட் கோட்டையில் இருந்தது. இப்போது அதே ஊரில் அதற்கென்றே ஒரு மியூசியம், 2020-இல் திறந்தார்கள். ஒரு தேசத்தின் ரயில் நினைவைப் பட்டறைக்காரர் ஒருவரின் கை காப்பாற்றியது. நம் நாட்டிலும் புனேயில் ஜோஷி குடும்பத்தினர் நடத்தும் குட்டி ரயில் மியூசியம் 1998 முதல் இருக்கிறது. ஆனால் நம்மிடம் இல்லாத பட்டறையா? நாகப்பட்டினத்திலிருந்து 1928-இல் பெயர்ந்து வந்த பொன்மலை பட்டறை திருச்சியில்தான் இருக்கிறது. திருச்சி ரயில் மியூசியமும் 2014 முதல் இருக்கிறது.

இல்லாதது அளவு. அகலப்பாதை வந்தபோது பழைய மீட்டர் கேஜ் ஸ்டேஷன்கள் பலவற்றை இடித்துவிட்டார்கள். தரங்கம்பாடி பாதையில் மிஞ்சிய பாலக் கட்டுமானங்களும் கரையும் வருஷத்துக்கு வருஷம் குறைகின்றன. அந்தப் பாதையில் வண்டி ஓட்டியவர்களும் கார்டுகளும் ஸ்டேஷன் மாஸ்டர்களும் மயிலாடுதுறையிலும் திருவாரூரிலும் எண்பதைத் தாண்டியவர்களாக இருக்கிறார்கள். கட்டுவது பத்து வருஷம் கழித்துக்கூட நடக்கலாம். அளவெடுப்பது அப்படித் தள்ளிப்போட முடியாத வேலை. ஆகவே மாதிரி ரயில் கட்ட எண்ணம் இருக்கிறதோ இல்லையோ, உங்கள் ஊரில் பழைய ரயில்வே கட்டடம் ஏதாவது மிச்சம் இருந்தால் அனுமதி கேட்டுக்கொண்டு போய்க் கதவு உயரம், செங்கல் அளவு, தாழ்வார நீளம், கூரைச் சரிவு எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். சுவரோரம் அடிக்கோல் நிறுத்திப் படம் எடுங்கள். பெரியவர்களிடம் எந்த வண்டி எத்தனை மணிக்கு, எத்தனை பெட்டி, என்ன சரக்கு என்று கேட்டு எழுதுங்கள். தொடங்க இன்ஜின் வாங்க வேண்டியதில்லை. ஒரு டேப், ஒரு நோட்டு, ஒரு பென்சில் போதும்.